பின் அடித்த பாடம்

போன வருஷம் செங்கல்பட்டில் எங்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, பூமியின் வரலாறு, உயிர்களின் பரிணாமம் இதிலெல்லாம் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று எழுதச் சொன்னார்கள். பக்கத்து நாற்காலி டீச்சர் மளமளவென்று எழுதித் தள்ளினார். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ வந்தது, வடை வந்தது, என் தாள் வெள்ளையாகவே கிடந்தது. ஏழெட்டு வருஷமாக உயிரியல் டீச்சராகக் குப்பை கொட்டுகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று பயிற்சி கொடுக்க வந்தவர் நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும். அந்தப் பாடத்தின் பேரைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நான் பிளஸ் டூ படித்தது தொண்ணூறுகளில். எங்கள் பள்ளியில் பாடத்துக்குப் பின் அடிப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் விலங்கியல் சார் ஸ்டேப்ளரோடு வகுப்புக்கு வருவார். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மார்க்குக்குக் கேள்வி வரும், எதைச் சாய்ஸில் விடலாம் என்று முன்னாலேயே கணக்குப் போட்டு வைத்திருப்பார். விடலாம் என்று முடிவான பாடத்தின் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து ஓரத்தில் மூன்று பின் அடிக்க வேண்டும். தெரியாத்தனமாகக்கூட அதைத் திறந்து நேரத்தை வீணாக்கக் கூடாதாம். ஸ்டேப்ளர் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறும். அந்த வருஷம் நாங்கள் மூடியது கடைசிப் பாடமான பரிணாமத்தை.

சாரைத் திட்டவும் மனசு வரவில்லை. அவர் பின் அடிக்கச் சொன்னதால்தான் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பாஸானார்கள். ஆனால் எனக்கு வேண்டியது பாஸ் இல்லை, மெடிக்கல் சீட். அதற்கு அரை மார்க்கும் உயிர்.

எங்கள் தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பம். நைனா கிணறு வெட்டப் போவார். அந்த வேலை இல்லாத நாளில் மாமல்லபுரத்தில் சிலை செய்கிற பட்டறைகளுக்குக் கல் ஏற்றி இறக்குவார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் சைக்கிளை மெதுவாக்குவார். "பாப்பா, ஒரு நாள் இந்த கேட்டாண்ட நின்னுகினு, எம்பொண்ணு உள்ள டாக்டரா கீதுன்னு வாச்மேன்கிட்ட சொல்லணும். அவன் எனக்கு சேர் போடணும்" என்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நான், "சேர் இன்னா நைனா, பெஞ்சே போடுவான்" என்பேன். அந்தப் பேச்சில்தான் எங்கள் வீடே ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு கல் இருந்தது. அதைக் கொண்டுவந்ததும் நைனாதான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கிணறு வெட்டும்போது கிடைத்ததாம். உள்ளங்கை அகலம், வெளுத்த களிமண் நிறம், தட்டினால் உடைந்துவிடும் போல இருக்கும். அதன் மேல் ஒரு இலை. சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக, நரம்புகூடத் தெரியும். யாரோ செதுக்கினது என்று நினைத்து, மாமல்லபுரத்தில் தனக்குத் தெரிந்த சிற்பி ஒருவரிடம் எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். அவர் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, "இது உளி பட்ட கல்லு இல்லண்ணாத்த, மனுசன் கை வேலையே இல்ல" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கல் எங்கள் வீட்டில் ஏசு படத்துக்குக் கீழே இருந்தது. மனுஷன் செய்யாதது என்றால் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் நியாயம்.

பின் அடிப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அதைத் துணியில் சுற்றி சாரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகம் ஒரு மாதிரி மலர்ந்தது. "ஃபாசில்மா இது! எங்கே கிடைச்சுது?" என்றார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. உடனே முகம் மாறிவிட்டது. "பத்திரமா எடுத்து வை. இதெல்லாம் பப்ளிக்ல வராது. நீ இருக்கற இருப்புக்கு மரபியலை இன்னொரு தடவை பார்" என்றார். நானும் நல்ல பிள்ளையாக மரபியலைப் பார்த்தேன். மூன்றாம் நாள் நானே பின் அடித்தேன், மூன்று போதாதென்று நான்காக.

பரீட்சை அறையில் மற்றதெல்லாம் கையோடு வந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பத்து மார்க், கட்டாய வினா, சாய்ஸ் கிடையாது. பரிணாமத்துக்குப் புதைபடிவங்கள் தரும் சான்றுகளை விவரி.

ஐயோ, அந்த நிமிஷம். சுற்றிப் பார்த்தேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலையைத் தூக்கி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். என் முன்னால் இருந்தவள் அழுதுகொண்டே பேப்பரைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு அழக்கூட நேரமில்லை. வீட்டில் ஏசு படத்துக்குக் கீழே அந்தக் கேள்வியே உட்கார்ந்திருக்கிறது, அதைப் பற்றி நாலு வரி எனக்குத் தெரியவில்லை! எத்தனை வருஷத்துக்கு முந்தையது, எந்தக் காலம், எப்படி உண்டாகிறது, ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்ததை எழுதினேன். என் அப்பா கிணறு வெட்டும்போது ஒரு கல் கிடைத்தது என்று ஆரம்பித்தேன். அந்த இலை எப்படி இருக்கும் என்று எழுதினேன், படம் வரைந்தேன். இந்த மாதிரி இலை இப்போது எங்கள் ஊரில் எந்த மரத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்திருக்கிறேன், ஆகவே ஒரு காலத்தில் இங்கே வேறு மரங்கள் இருந்திருக்க வேண்டும் என்று முடித்தேன்.

பரீட்சை முடிந்தால் எல்லாரும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்ப்பார்கள். எனக்குப் பயம். புத்தகத்தை அப்படியே பரணில் போட்டேன். நுழைவுத் தேர்வு நன்றாகத்தான் எழுதினேன். ஆனால் பிளஸ் டூ மார்க் வந்தபோது உயிரியல் மட்டும் சரியாக அந்தப் பத்து மார்க் அளவுக்குக் குறைந்திருந்தது. கடைசி சீட் வாங்கியவளுக்கும் எனக்கும் ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசம். பட்டியலை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்து பாயில் படுத்தவள், அம்மா தட்டில் போட்டுக் கொடுத்த சோற்றைத் தொடவில்லை.

நைனா பக்கத்தில் உட்கார்ந்து என்ன கேள்வி, என்ன எழுதினாய் என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் திடீரென்று ஒரு தெளிவு.

"அட, நீ பொய்யா எழுதுன? கல்லு நம்ம வூட்லயே கீதே!"

"அது இல்ல நைனா..."

"பேப்பர் திருத்துனவரு நம்பியிருக்க மாட்டாரு. காட்னா நம்புவாரு. அவ்ளோதான மேட்டரு?"

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மறுகூட்டலுக்கு விண்ணப்பம் கொடுக்கச் சென்னைக்குப் போகும்போது, கல்லைப் புதுத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டார். மின்சார ரயிலில் கூட்டம் இடித்த இடியில் நிற்கவே முடியவில்லை. அவர் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டு நின்றார். அலுவலகத்தில் வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. நைனா விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. துண்டைப் பிரித்துக் கல்லை மேஜை மேல் வைத்தார்.

"சார், எம்பொண்ணு எழுதுனது இதத்தான். மனுசன் கை வேலை இல்லன்னு மாமல்லபுரத்து சிற்பியே சொல்லிக்கிறாரு. நீங்களே தொட்டுப் பாருங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவைப் பார்த்து அவமானப்பட்டேனே என்று இப்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சிரிக்கவில்லை. தன்மையாகத்தான் பேசினார். "பெரியவரே, மறுகூட்டல்னா போட்ட மார்க்கைத் திரும்பக் கூட்டிப் பார்க்கறது. எழுதினதை மறுபடி யாரும் படிக்க மாட்டாங்க."

"படிக்கவே மாட்டாங்களா?"

"ரூல் அப்படி."

நைனா கல்லைத் திரும்பச் சுற்றினார். முடிச்சுப் போட வரவில்லை, நான்தான் போட்டேன். செங்கல்பட்டில் இறங்கி ஆஸ்பத்திரி வழியாகத்தான் நடந்தோம். கேட்டைத் தாண்டும்வரை அவர் தலை நிமிரவில்லை. தாண்டிய பிறகு கேட்டார்: "அந்தப் பாடத்துல இன்னாதான் பாப்பா போட்டுக்கிது?"

"தெரியாது நைனா. நான் படிக்கல."

வீட்டுக்குப் போனதும் அவரே பரணிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நான்கு பின்னையும் அருவாமனை முனையால் நெம்பிப் பிரித்தேன். பிரிக்கும்போது காகிதம் கிழிந்தது. வாசலில் நல்ல வெயில். அங்கேயே உட்கார்ந்து அவருக்குச் சத்தமாகப் படித்தேன். இலை சேற்றில் விழுந்து, மேலே மேலே மண் மூடி, கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாகிறது என்று இருந்தது. அவர் "உம்" கொட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது பக்கத்தைத் திருப்பினேன். அரைப் பக்கத்துக்கு ஒரு படம். சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக ஓர் இலை.

நைனா துண்டைப் பிரித்து, கல்லை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இதையும் பார்த்தார், அதையும் பார்த்தார்.

"அதேதான்" என்றார்.

எழுந்து உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறம் மாமல்லபுரம் போக வேண்டுமானாலும் ஆஸ்பத்திரி வழியாக அவர் சைக்கிள் போகவே இல்லை.