மூன்று வாளி கேரட்

கட்டடச் சாமான் கிடங்கில் அவளுக்குப் பெயரே ‘செக்கிங் அக்கா’ என்று ஆகிவிட்டது. லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் பில்லோடு ஒத்துப் பார்ப்பது வேலை. ஒன்பது வருஷத்தில் ஒரு டப்பாகூட அவள் கண்ணுக்குத் தப்பியதில்லை என்று மேனேஜரே சொல்வார். அப்பேர்ப்பட்டவள்தான் கிடங்குக்குப் பின்னால் மழையில் கிடந்த மூன்று வெள்ளை வாளிகளை, அதில் என்ன வந்தது என்று யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிப் போனாள்.

எல்லாம் மகளுக்காகத்தான். நாலு வயசு. ‘வாண்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேரட் மண்ணுக்குள் விளைகிறது என்று படப் புத்தகத்தைக் காட்டிச் சொன்னபோது அவள் நம்பவே இல்லை.

“பொய். கேரட் கடையிலதான் இருக்கும்.”

சரி, கண்ணாலேயே பார்க்கட்டும் என்று அம்மா முடிவு செய்தாள். வாளிகளைச் சோப்புப் பொடி போட்டு நாலு தடவை தேய்த்துக் கழுவினாள். ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் சுடவைத்து அடியில் ஓட்டை போட்டாள். கல் தட்டினால் கேரட் இரண்டு காலாகப் பிரிந்துவிடும் என்று கேள்விப்பட்டு, மண்ணைச் சலித்து, பாதிக்குப் பாதி மணல் கலந்தாள். வாண்டை விதை தூவச் சொன்னால், ஒரு கை நிறைய அள்ளி ஒரே இடத்தில் கொட்டினாள். அது தலைமுடி மாதிரி மண்டிக்கொண்டு வந்தது. நெருக்கத்தைக் குறைக்க அம்மா கத்தரிக்கோலால் வெட்டிய ஒவ்வொரு நாற்றுக்கும், “அது பாப்பா செடிம்மா!” என்று ஒரு பாட்டம் அழுகை. தினமும் காலையில் ஒரு டம்ளர் தண்ணீரோடு பால்கனிக்குப் போய், மண்ணில் வாயை வைத்து, “எந்திரிச்சுட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் பல் தேய்ப்பாள்.

எண்பது நாள் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை டீ நேரத்தில், கிடங்கில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிற அண்ணனிடம் மகளின் விவசாயத்தைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த வாளில போட்ட?”

“பின்னாடி கிடந்துச்சேண்ணே, வெள்ளை வாளி.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “லேபிள் பாத்தியா?”

“லேபிளே இல்ல. மழையில போயிருச்சு.”

“கறையான் மருந்து அந்த வாளிலதான்மா வந்துச்சு. டைல்ஸ் பசையும் அதே வாளிதான். எது எதுன்னு எனக்கே தெரியாது. இன்னும் சாப்பிடலையே?”

“இல்லண்ணே. ஞாயித்துக்கிழமை பிடுங்கலாம்னு இருந்தோம்.”

“அப்ப தப்பிச்ச. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுரு.”

தப்பித்தோம் என்றுதான் அவளும் நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வீட்டுக்குப் போன் போட்டாள். கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர், வருஷத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. வாண்டைப் பார்த்துக்கொள்வது வீட்டிலேயே தையல் வேலை செய்யும் நாத்தனார்தான்.

“வாண்டு எங்க?”

“பால்கனியிலதான் அண்ணி. ஏன்?”

பின்னாலிருந்து குழந்தைக் குரல் தெளிவாகக் கேட்டது. “அத்தை, இது ரொம்ப இனிக்குது!”

“அவ வாயில என்ன இருக்கு?”

நாத்தனார் இழுத்தாள். “அது வந்து அண்ணி... கேரட்டு. சின்னதுதான்...”

“பிடுங்கு! வாயைக் கழுவு! பிடுங்கு மொதல்ல!”

கிடங்கு கேட்டைத் தாண்டி ஓடியது நினைவிருக்கிறது. பையை எடுத்தோமா இல்லையா என்பது நினைவில்லை. “நான் பழைய ரசீதைப் பாக்குறேன், நீ போ!” என்று அண்ணன் கத்தினார். பஸ்ஸில் நாலே நிறுத்தம். ஒவ்வொரு சிக்னலும் அவளுக்கென்றே சிவப்பாக நின்றது. முகத்தைப் பார்த்த யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை. சின்னது என்றாளே, எத்தனை சின்னது? இன்றைக்கு மட்டுமா? போன வாரம் குழந்தைக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கு இருந்ததே, அது இதுதானா?

வீட்டில் வாண்டைக் காணோம். நாத்தனார் பேயறைந்த மாதிரி நின்றாள். குழந்தை அங்கேதான் இருப்பாள் என்று அம்மா நேரே பால்கனிக்கு ஓடினாள்; அங்கேயும் இல்லை. வாளியில் இலைகள் பச்சைப் பசேல் என்று நின்றன, எப்போதும் போல. அப்பாடா, அதிகம் தின்னவில்லை என்று ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தாள்.

இழுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் வந்தது. அடியில் கேரட் இல்லை. கடித்த பல் தடத்தோடு கட்டைவிரல் நகம் அளவு மட்டும் மிச்சமிருந்தது.

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். தின்றுவிட்டு, யாருக்கும் தெரியாமலிருக்க இலையை மறுபடி குழியில் செருகி, சுற்றி மண்ணையும் அழுத்தி வைத்திருக்கிறாள் குழந்தை. மூன்று வாளியிலும் சேர்த்துப் பதினாலு. இலைகளை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தையல் மெஷினுக்கு அடியில், துணிக்குவியலுக்குள்ளிருந்து விசும்பல் கேட்டது. “நான் திரும்ப நட்டு வச்சுட்டேம்மா. அடிக்காத.”

வாரி எடுத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துக் குழந்தையின் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

“என்ன மருந்து?”

“தெரியலையே டாக்டர்.”

அந்த ‘தெரியலையே’ தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்க அவளுக்கே கூசியது. அதற்குள் போன் அடித்தது. ஃபோர்க்லிஃப்ட் அண்ணன் ரசீதைக் கண்டுபிடித்துவிட்டார். மருந்தின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். “அந்த லோடுல வந்ததே மூணு வாளிதாம்மா. அதுல ஒண்ணுதான் மருந்து. மத்த ரெண்டும் பசை.” எந்த ஒன்று என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

டாக்டரம்மா பெயரை எழுதிக்கொண்டார். “அது உடம்புல ஏறியிருந்தா கண்மணி குண்டூசி முனையாட்டம் சுருங்கிடும். வேர்த்து ஊத்தும், எச்சில் வடியும். இவகிட்ட எதுவும் இல்ல. இருந்தாலும் ரத்தம் எடுக்கிறேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும்.”

ஊசியைப் பார்த்து வாண்டு வீறிட்டாள். ஊசி குத்தி முடித்ததும், அதுவரை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்த நாத்தனார் மெதுவாக ரவிக்கைக் கையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“டாக்டர்... எனக்கும் ஒரு தடவை பாத்துடுங்க.”

“நீயுமா!”

“அவ ஆசையா ஊட்டினா அண்ணி. வேண்டாம்னா அழுவா. அம்மாட்ட சொல்லாதன்னு சத்தியம் வேற வாங்கிட்டா.”

திட்டுவதற்கு வாய் திறந்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. இரண்டையும் விழுங்கினாள். பிறகு ஆறு மணி நேரம் கட்டிலோரத்தில் உட்கார்ந்து, தூங்கும் மகளின் கடைவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு எச்சில் வழிந்தபோது நர்ஸை நாலு முறை கூப்பிட்டுவிட்டாள். “தூங்குற குழந்தைக்கு எச்சில் வழியாதாக்கா?” என்றாள் நர்ஸ்.

சாயங்காலம் முடிவு வந்தது. இரண்டு பேர் ரத்தத்திலும் கோளாறில்லை. கழுவியதிலும், எண்பது நாள் ஊற்றிய தண்ணீரிலும் பெரும்பகுதி போயிருக்கும் என்றார் டாக்டரம்மா. “ஆனா எல்லா நேரமும் இப்படி நல்லபடியா முடியாதும்மா,” என்றும் சொன்னார். மறுநாள் அவள் வாளிகளை மண்ணோடு மூட்டை கட்டிக் கிடங்கிலேயே ஒப்படைத்தாள். அன்றைக்கே மேனேஜரிடம் நின்று சண்டை போட்டு, காலி வாளிகளைப் பூட்டி வைக்க ஒரு கம்பிக் கூண்டும் செய்ய வைத்தாள்.

வாண்டு விடவில்லை. “என் கேரட்டு எங்க?” என்று ஒரு மாதம் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் அம்மா கடையில் புது வாளி வாங்கி, மூடியைத் திறந்து பத்து முறை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் மண்ணைப் போட்டாள். அது விளைந்த அன்று முதல் கேரட்டைக் கழுவி, பாதியைத் தானே கடித்து விழுங்கினாள். மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அர்த்தமில்லாத காரியம் என்று அவளுக்கே தெரியும்.

எதிரே சம்மணம் போட்டிருந்த வாண்டு அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“இன்னும் உனக்கு ஒண்ணும் ஆகலையா?”

“இல்லடி.”

“அப்ப குடு.”