மொட்டை மாடியில் தாமு அண்ணா எடுத்த வால் நட்சத்திரம்

தாமு அண்ணா போயிட்டார். காலையில ஹார்ட் அட்டாக்காம்...

திருத்தணியில பாதிப் பேரோட கல்யாண ஃபோட்டோ அவர் எடுத்ததுதான். எங்களதும்.

வால் நட்சத்திரம் தெரிஞ்ச அந்த வாரம்தான் எங்க ரிசப்ஷன். எனக்கு மேக்கப் கூட முடியல, ரூம் வாசல்ல வந்து நின்னார். "சீக்கிரம் மாடிக்கு வாம்மா, மேகம் வந்துகினு இருக்குது."

"நாளைக்கு ஐயர் பட்டப்பகல்ல அருந்ததி காட்டுவாரு, ஒண்ணும் தெரியாது. நான் தெரியறதக் காட்டறேன்"ன்னு சொல்லிக்கிட்டே முன்னாடி ஏறினார்.

மண்டபத்து மொட்டை மாடி. சோளிங்கர் பக்கம் வானம் இன்னும் லேசா சிவந்திருந்தது. அதுக்கு மேல... நிஜமாவே வால்! நான் வாயைப் பிளந்துட்டேன்.

ட்ரைபாட் போட்டுட்டு, முன்னாடியே மாடிக்கு வந்திருந்த மாப்பிள்ளை, அதான் இவர்கிட்ட, "பாவா, கைய நீட்டி பொண்ணுக்குக் காட்டு. ரெண்டு பேரும் அசையக் கூடாது"ன்னார். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம்.

எடுத்து முடிச்சதுமே, பின்னாடி மாமனார் குரல்.

"தாலி ஏறதுக்கு முன்னாடி இதையா காட்டுற? இன்னா சகுனம் இது? அழி. இல்லன்னா நாளைக்குக் கல்யாணமே கெடையாது."

இவர் அப்பாவைப் பார்த்து "நைனா..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார்.

தாமு அண்ணா உடனே மாமனார் கண்ணு முன்னாடியே அழிச்சார். "ஆங், போயிடுச்சு பாருங்க."

கல்யாணம் நடந்தது. ஆனா எனக்கு அவர் மேல ஒரே கோபம்.

ஆல்பம் கொடுக்க வந்தப்போ என் கையில மட்டும் தனியா ஒரு கவர். உள்ளே அந்தப் படம்.

"கல்யாணத்துக்கு எப்பவும் கேமராவுல ரெண்டு மெமரி கார்டு போடுவேன்மா, ரெண்டுலயும் படம் பதிவாகும். ஒண்ணுலதான் அழிச்சேன்."

அதுக்கப்புறம் எங்கே பார்த்தாலும் கேட்பார். "இன்னும் யாருக்கும் காட்டலையாம்மா? நான் எடுத்ததுலயே அதான் நல்ல படம்." எனக்காக ஸ்டுடியோவுல கூட மாட்டல அந்த மனுஷன்.

எப்படிக் காட்டறது? இவர் பைக்ல விழுந்து கால் உடைஞ்சப்போ, ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் மாமனார் என்னைப் பார்த்து, "அன்னிக்கே சொன்னேன்"ன்னார். வீட்டுக்கு வந்து அந்தக் கவரை பீரோவுல புடவைங்களுக்கு அடியில இன்னும் உள்ளே தள்ளினேன். பயம்தான்.

அந்தப் படத்தைத்தான் இப்போ இங்கே போட்டிருக்கேன். இவர்கிட்ட கூடக் கேட்கல.

மாமா, நீங்களும் என் ஃப்ரெண்ட் லிஸ்ட்ல இருக்கீங்க. என்ன திட்டறதா இருந்தாலும் சாயங்காலம் வீட்ல திட்டுங்க. படத்தை இங்கேயிருந்து எடுக்க மாட்டேன்.

போயிட்டு வாங்கண்ணா... எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்காங்க.