விசாலாக்ஷி மூடிவைத்த பெட்டிகள்

விசாலாக்ஷி போன பிறகு, மயூர் விஹார் வீட்டுச் சமையலறை மேடையில் மற்ற வீட்டு டப்பாக்கள் சேர்ந்துவிட்டன. மேல்வீட்டு குப்தா குடும்பம் கிச்சடி கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா, எதிர் பிளாக்கிலிருந்து ரசம் வந்த தூக்கு, ஜ்யோத்ஸ்னாவின் அலுவலகத்தில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்த பாட்டியாவின் அம்மா அனுப்பிய ராஜ்மா டப்பா. எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாயிற்று. திருப்பிக் கொடுக்கத்தான் முடியவில்லை. அந்த வீட்டிலிருந்து வெறும் டப்பா வெளியே போனதே கிடையாது. உள்ளே ஏதாவது வைத்துத்தான் போகும். வைக்கிறவள் இல்லை. அப்பா வைத்தியநாதனுக்கும் பெண் ஜ்யோத்ஸ்னாவுக்கும் வேளைக்கு ஒரு சாதம் வடிப்பதே பெரிய காரியமாக இருந்தது.

விசாலாக்ஷி கல்யாணமாகி தில்லிக்கு வந்தது எழுபதுகளில். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் தபால் அனுப்பும் பிரிவில் வேலை. காலையில் அலுவலகக்காரர்கள் மாதச் சந்தா கட்டிப் போகும் சார்ட்டர்ட் பஸ், மாலையில் அதே சார்ட்டர்ட் பஸ். குளிர்காலத்தில் அந்த பஸ்ஸில் பெண்கள் எல்லோரும் மடியில் பட்டாணி உரிப்பார்கள். இவளும் உரித்தாள். பஞ்சாபித் தோழிகளிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டாள். இந்தி சரளமாக வந்தது; ஆங்கிலத்தில் டைப் அடிக்க வந்த அளவுக்குப் பேச வரவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் இல்லை.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது தொண்ணூற்றைந்தில். வைத்தியநாதன் வேலை பார்த்த பொதுத்துறை நிறுவனம் பழைய இயந்திரங்களை ஏலம் விட்டபோது ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். பச்சை எழுத்துத் திரை. பெண் படிப்புக்கு உதவும் என்று நினைத்தார். பெண், பள்ளித் தோழனிடமிருந்து ‘ட்ரென்மூர்’ என்ற விளையாட்டை ஃப்ளாப்பியில் வாங்கி வந்தாள்.

அதில் படம் கிடையாது. கோடுகளும் எழுத்துகளும்தான். நாலு கோடு சேர்ந்தால் வீடு. ஒரு குறி நகர்ந்தால் அது கதாநாயகன். அவன் நாட்டில் ஆறு வற்றிக் கிடக்கிறது. நான்கு மதகுகளை அடைத்து வைத்திருக்கிறார்கள். ஊர் ஊராகப் போய், பேசி, சண்டையிட்டு, பொருள் சேர்த்து அவற்றைத் திறக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மதியம் விசாலாக்ஷி பின்னலும் கையுமாகப் பெண் பின்னால் வந்து நின்றாள். கதையைக் கேட்டுவிட்டு, “அங்கயும் தண்ணி வரலையா? மோட்டார் போட்டுப் பாக்கச் சொல்லு” என்றாள்.

ஜ்யோத்ஸ்னா ஒரு வீட்டுக்குள் போய் அங்கிருந்த பெட்டியைத் திறந்து ரொட்டியை எடுத்தாள். விசாலாக்ஷி பின்னலை நிறுத்தினாள்.

“இது யாராத்துப் பெட்டிடி?”

“யாரோடதும் இல்லைம்மா. கேம்ல வர பெட்டி. எடுத்துக்கலாம்.”

“ஆத்துக்குள்ள இருக்கு, யாரோடதும் இல்லையா? எடுத்துண்டா ஏதாவது வச்சுட்டு வரணும். உன் பிள்ளையாண்டான் பையில என்ன இருக்கு?”

“ஒரு மெழுகுவர்த்தி.”

“அச்சா, அதை வை.”

பெட்டியில் பொருளைத் திருப்பி வைக்க விளையாட்டு இடம் கொடுத்தது. வைத்தது வைத்தபடியே இருந்தது. வைக்கிறவர்கள் யார் இருக்கப்போகிறார்கள் என்று ஜ்யோத்ஸ்னா சிரித்தாள்.

அவளுக்குப் பரீட்சை வந்தபோது விசாலாக்ஷி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு விடவில்லை. சனி ஞாயிறு மதியங்களில், சாப்பாட்டுக் கடை முடிந்ததும், பழைய புடவையில் தைத்த உறையைத் திரையிலிருந்து எடுத்து மடித்து வைத்துவிட்டு உட்காருவாள். டைப் அடித்துப் பழகிய விரல்கள். பிள்ளையாண்டான் ஓட்டமாக ஓடுவான். தெரியாத ஆங்கிலச் சொல்லை உரக்கக் கேட்பாள். பெண் அடுத்த அறையிலிருந்து அர்த்தம் சொல்வாள். எந்தப் பெட்டியைத் திறந்தாலும் ஒன்று எடுத்தாள், ஒன்று வைத்தாள். மற்றவர்கள் பை நிறையச் சுமக்கும் இடத்தில் இவள் பிள்ளையாண்டான் காற்றாட நடந்தான். ஒருமுறை வடக்குப் பாலையில் அவன் பசியில் சாகக் கிடந்தபோது, பாழடைந்த வீடு ஒன்றில் பெட்டியைத் திறந்தாள். முன்பு அவளே வைத்துவிட்டுப் போன ரொட்டி இருந்தது. “பாத்தியா” என்றாள் பெண்ணிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

மூன்று மதகுகளைத் திறந்தாயிற்று. நான்காவதில்தான் மாட்டிக்கொண்டாள். அதைத் திறக்க ஒரு கைப்பிடி வேண்டும் என்றும், அது பார்க்க வளைந்த இரும்புத் துண்டு போலத்தான் இருக்கும் என்றும் ஒரு கொல்லன் சொன்னான். விசாலாக்ஷி பெண்ணைக் கூப்பிட்டாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“அது என்கிட்ட இருந்துதுடி. பையில வேற ஒண்ணும் இல்லைன்னு யாராத்துப் பெட்டியிலயோ வச்சுட்டேன். இரும்பு சாமானாச்சே, அவாளுக்கு எதுக்காவது ஆகும்னு.”

ஜ்யோத்ஸ்னா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். பிறகு, முதலிலிருந்து ஆரம்பித்துவிடு, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று வழி சொன்னாள்.

“புதுசா ஆரம்பிச்சா வச்சதெல்லாம் போயிடுமே. ஏதோ ஒரு ஆத்துல பத்திரமாத்தான் இருக்கும். எங்க போயிடப்போறது?”

தேடினாள். வீடு வீடாகத் தேடினாள். பெண் பொறியியல் முடித்து நொய்டாவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தாள். புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையது மூலையிலேயே இருந்தது, புடவை உறையோடு. இரும்பு கிடைக்கவில்லை. தேடுகிற வீட்டிலெல்லாம் ஒன்று எடுத்து ஒன்று வைத்ததில் நாடு முழுக்கப் பெட்டிகளில் இருந்தவை அவள் வைத்தவையாகவே ஆகிவிட்டன.

இரண்டாயிரத்து மூன்று டிசம்பரில், பஸ்ஸுக்குக் கிளம்புகிற நேரத்தில், மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அடுத்த வருடம் கோடைக்கு முன்னால் பாட்டியா குழுவைக் கூட்டினார். ட்ரென்மூரின் உரிமை வைத்திருந்த வெளிநாட்டு நிறுவனம், அதைப் புதிய தொழில்நுட்பத்தில் மறுபடி செய்யும் வேலையை இவர்களிடம் கொடுத்திருந்தது. வெயில், நிழல், தூசி, முகம், குரல், எல்லாம் வரும். குழுவில் பாதிப் பேர் துள்ளினார்கள். பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இன்று யார் உட்காருவார்கள் என்றார்கள். மீதிப் பேர், அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு நாட்டை வைத்திருந்தார்கள், அதைக் கெடுக்க வேண்டாம் என்றார்கள். ஜ்யோத்ஸ்னா இரண்டாவது கட்சி. பழைய விளையாட்டைப் புது இயந்திரத்தில் அப்படியே ஓட்ட நிரல்கள் இருக்கின்றன, பிறகு எதற்கு மறுபடி செய்ய வேண்டும் என்று கேட்டாள். அம்மாவின் கோப்புகளை அவள் ஏற்கெனவே நகலெடுத்து அப்படித்தான் வைத்திருந்தாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அம்மாவின் ஆட்டத்தை அப்பாவுக்குக் காட்டினாள். வைத்தியநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“இதுல பிள்ளையாண்டான் எங்க?”

“இதோ, இந்தக் குறி.”

“ஆத்தைக் காணோமே?”

“இந்த நாலு கோடு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “எனக்கு ஒண்ணும் தெரியலைடி. பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சுண்டே இருந்துட்டேன். சனி ஞாயிறு ஆனா எங்கயோ போயிட்டு வருவா. அவ எங்க போனான்னு எனக்குப் பாக்கணும்.”

பாட்டியாவிடம் திங்கட்கிழமை போய், தானும் சேர்ந்துகொள்வதாக ஜ்யோத்ஸ்னா சொன்னாள். பழைய ஆட்டக்காரர்கள் தாங்கள் சேமித்து வைத்த ஆட்டத்தைப் புதியதிலும் தொடர ஒரு வசதி வேண்டும், அதைத் தான் எழுதித் தருகிறேன் என்றாள். பாட்டியாவுக்கு அது பிடித்திருந்தது. அம்மா விட்ட இடத்திலிருந்து அப்பா நடக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

கணக்கு பெட்டியில் இடித்தது. புதிய வடிவமைப்பில், ஒரு பெட்டியைத் தட்டினால் உள்ளே இருப்பது மொத்தமும் பைக்கு வந்துவிடும், பெட்டி பூட்டிக்கொள்ளும். திருப்பி வைக்க வழியில்லை. பழைய ஆட்டத்திலிருந்து பை மட்டும் வரும். பெட்டிகளில் நிறுவனம் முதலில் வைத்த பொருள்களே இருக்கும். அதாவது, விசாலாக்ஷி வைத்த ஒன்றுகூட இருக்காது.

ஜ்யோத்ஸ்னா கூட்டத்தில் எதிர்த்தாள். பாட்டியா பொறுமையாகவே பதில் சொன்னார். திறந்து மூடும் ஒவ்வொரு பெட்டியும் சோதிக்க வேண்டிய ஒரு தலைவலி. ஆட்கள் எடுக்கத்தான் செய்வார்கள், யார் திருப்பி வைக்கப்போகிறார்கள்? ஜ்யோத்ஸ்னா நோட்டை மூடினாள். என் அம்மா வைத்தாள் என்று ஒரு தொழில்நுட்பக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றாள். டப்பாக்கள் கவிழ்ந்தே கிடந்தன. பாட்டியா வீட்டு டப்பாவை நிமிர்த்தினாள். அப்பாவைக் கூப்பிட்டு, ரவை எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. இருவருமாகத் தேடி எடுத்து கேசரி கிளறினார்கள். கட்டி தட்டியது. முந்திரி ஒரு பக்கம் கருகியது. வைத்தியநாதன் ஒரு வாய் போட்டுக்கொண்டு, “சிமென்ட்டுக்கு ஆகும்” என்றார். அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாராவது சிரித்தது அன்றுதான்.

மறுநாள் காலை டப்பாவைப் பாட்டியாவின் மேஜையில் வைத்தாள். அவர் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இத்தனை மாதமாக இதற்காகவா டப்பா வரவில்லை என்று இந்தியில் கேட்டார். வெறும் டப்பாவாகக் கொடுக்க முடியவில்லை என்றாள்.

பாட்டியா மெதுவாக மூடியை மூடினார். தன் அம்மா வாராவாரம் விசாரிப்பதாகச் சொன்னார். டப்பா போனால் போகட்டும் என்று இவர் சொன்னால், டப்பாவுக்காகக் கேட்கவில்லை என்பாளாம். டப்பா இன்னும் திரும்பி வரவில்லையென்றால், அந்த வீடு இன்னும் எழுந்து நிற்கவில்லை என்று அர்த்தமாம்.

அப்போதுதான் ஜ்யோத்ஸ்னா சொன்னாள். மெழுகுவர்த்தியிலிருந்து இரும்பு வரை, எல்லாவற்றையும், நின்றபடியே. முடிந்ததும் பாட்டியா, “நீயே எழுது. நீயே சோதித்துப் பார். உடைந்தால் என்னிடம் வராதே” என்றார். ஒரு கரண்டி கேசரி எடுத்துப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் மென்றார்.

எழுதினாள். பழைய விளையாட்டு ஒவ்வொரு பெட்டியையும் கோப்பில் எங்கே குறித்து வைத்திருக்கிறது என்று பிரித்து எடுத்தாள். திரையில் வரிசையாக வந்தன: ரொட்டி, கம்பளி நூல், உப்பு, மெழுகுவர்த்தி, மறுபடி ரொட்டி. ஒரு பெட்டிகூடக் காலியில்லை. வளைந்த இரும்பு எந்த ஊரில் எந்த வீட்டில் இருக்கிறது என்பதும் தெரிந்தது. அந்த வரியை ஒருமுறை படித்துவிட்டுத் திரையை நகர்த்திவிட்டாள்.

இரண்டாயிரத்து ஆறு பிப்ரவரியில் சோதனைப் பதிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, அம்மாவின் ஆட்டத்தை ஏற்றினாள். வறண்ட ஆற்றங்கரை வந்தது. சாய்ந்த வெயில். கல் வீடுகள். பிள்ளையாண்டான் திரும்பி நின்றான். நல்ல தாடை, தோளில் கம்பளி.

“யாருடி இவன், பஞ்சாபி மாதிரி இருக்கான்?”

“இவன்தாம்பா.”

“அவ இப்படியா நெனச்சுண்டிருப்பா?”

“தெரியாதுப்பா. முகம் வேற மாதிரி நெனச்சிருக்கலாம். இடம் இதுதான்.”

அவர் ஒற்றை விரலால் விசைகளைத் தட்டினார். பிள்ளையாண்டான் தடுமாறி, சுவரில் முட்டி, ஒரு தெருவைக் கடந்தான். வைத்தியநாதன் அவ்வப்போது நின்று பார்த்தார். ஒரு கிணறு. ஒரு மரம். “இங்கெல்லாம் வந்திருக்காளா?” என்று கேட்டார். மூன்றாவது தடவைக்கு மேல் ஜ்யோத்ஸ்னா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஒரு வீட்டுக்குள் போனார். மூலையில் மரப்பெட்டி. மூடி மெல்லத் திறந்தது. உள்ளே ஒரு ரொட்டியும், பக்கத்தில் ஒரு சிறு நூல் உருண்டையும் இருந்தன.

“இது அவ வச்சதா?”

“ஆமாம்ப்பா. நம்மாத்து ஆள் வச்சதுதான்.”

அவர் ரொட்டியை எடுத்தார். விரல் விசையின் மேலேயே நின்றது. வெளியே கீழே காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். சமையலறை மேடை காலியாக இருந்தது. டப்பாக்களெல்லாம் ஒவ்வொன்றாக அவரவர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தன.

“பையில என்ன இருக்கு, பாரேன்” என்றார் வைத்தியநாதன்.

“ஒரு ஆப்பிள். ஒரு கயிறு.”

அவர் கொஞ்சம் யோசித்தார். ஆப்பிளை வைத்தார். மூடி மூடிக்கொண்டது.

ஆறு இன்னும் வறண்டுதான் கிடந்தது. இரும்பு அடுத்த தெருவில், மூலை வீட்டில் இருந்தது. ஜ்யோத்ஸ்னா சொல்லவில்லை. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“அடுத்த ஆத்துக்குப் போலாமா?”