லின்ட்சேயின் காரில் காயும் பூக்கள்

நெரிடாவுக்குக் கோபம் வந்தால் பூப் பறிக்கப் போய்விடுவாள். கோதுமையும் தூசியும் தவிர எதுவும் விளையாது என்று ஊரே சத்தியம் செய்யும் ஆஸ்திரேலிய விம்மெராவில், பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றியே கொல்லையில் சீமைச்சாமந்தி வளர்த்து வைத்திருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை அதட்டி அதட்டிக் குரல் தடித்துப்போயிருந்தது. பூத்தலையைக் கிள்ளும் விரல்கள் மட்டும் மெத்தென்று இருக்கும்.

காய்ந்த பூவில் டீ போட்டுக் குடித்தால் தூக்கம் வரும். வளர்ப்பதில் சிரமமில்லை, காய வைப்பதில்தான் வினை இருந்தது. வெயிலில் போட்டால் மணம் போய்விடும். கொட்டகையில் வைத்தால் கோதுமை அறுவடைத் தூசி படியும். வீட்டுக்குள்ளோ ஏர் கூலர். நவம்பரில் கோடை பிறந்ததும் அதைப் போட்டுவிட்டு அதன் முன்னால் ஆணியடித்தாற்போல் உட்கார்ந்துவிடுவான் அவள் புருஷன் கிளைவ். அந்த ஈரக்காற்றில் பூ எங்கே காயும்? முதல் வருஷப் பூவெல்லாம் ஜாடிக்குள்ளேயே பூசணம் பிடித்துப் போயிற்று.

"வைக்கோல் தண்ணிக்கு இவ்ளோ பாடா? நம்ம பசு கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்" என்பான் கிளைவ்.

"பசுவுக்கு ராத்திரி தூக்கம் வருது. உனக்கு வரலையே" என்பாள் இவள்.

அது உண்மை. தம்பி லின்ட்சே செத்ததிலிருந்து கிளைவ் சரியாகத் தூங்கவில்லை. டாக்டர் கொடுத்த மாத்திரை தலையைக் கனக்க வைத்ததே தவிர, கண்ணை மூட வைக்கவில்லை. அவன் இப்படியே உருகிப் போய்விடுவானோ என்று நெரிடாவுக்கு உள்ளூர பயம்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து வாங்கிய பழைய கார் ஒன்று யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றது. லின்ட்சேதான் ஓட்டுவான், கிளைவ் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வான். பழுதாகி நின்றபின், 'அறுவடை முடியட்டும், சரி பண்ணிடலாம்' என்று வருஷா வருஷம் சொன்னார்கள். அறுவடைகள் முடிந்தன, லின்ட்சேயும் முடிந்துபோனான். அதன்பின் கிளைவ் அந்தப் பக்கமே போகவில்லை. பழைய இரும்புக்குப் போடவும் விடவில்லை.

காருக்குள் சூடு உண்டு, தூசி இல்லை, குருவி வராது. கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி, மேலே கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். நெரிடா அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரிந்தே கேட்கவில்லை. கிழிந்த கொசுவலைக் கதவை அறுத்துத் தட்டுகளாக்கி, சீட்டுகளின் மேல் வைத்துப் பூவைப் பரப்பினாள்.

விஷயத்தைப் போட்டு உடைத்தவள் பக்கத்துப் பண்ணை மர்லீன். ஒரு நாள் வந்தவள் பூ டீயை ஒரு வாய் குடித்ததுமே, "ஆகா, என்ன வாசனைடீ. அந்த ஓட்டைக் கார்ல காய வச்சது தானே?" என்றாள், கிளைவை வைத்துக்கொண்டே.

கிளைவ் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனான். நெரிடா பின்னாலேயே ஓடினாள். கார்க் கதவைத் திறந்து நின்றுகொண்டிருந்தான். ஸ்டியரிங்கின் முன்னால், சீட்டு நிறைய வெள்ளைப் பூ.

"அது லின்ட்சே சீட்டு."

"தெரியும் கிளைவ்."

"தெரிஞ்சுமா?"

அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. செத்தவனுக்கு ஒரு சீட்டு வேண்டும், உயிரோடு இருப்பவனுக்குத் தூக்கம் வேண்டாமா என்று கேட்க நினைத்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து படுக்கையறையில் அடுக்கினாள். அன்றிரவு முழுக்கக் கூலர் இரைந்துகொண்டிருந்தது.

காலையில் பூக்கள் நமத்துப் போயிருந்தன. இந்த வருஷம் அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, கோபத்தோடு மிச்சப் பூவையும் பறிக்கப் போனாள். வெயில் ஏறித் திரும்பி வந்தபோது படுக்கையறையில் ஒரு தட்டுகூட இல்லை. குப்பையில் கொட்டிவிட்டான் என்றே நினைத்தாள். கூலர் முன்னால் கிளைவையும் காணோம்.

மரத்தடிக்குப் போனாள். காரின் நாலு கதவும் விரியத் திறந்திருந்தன. பின்சீட்டில் தட்டுகள். கிளைவ் வழக்கமாக உட்காரும் சீட்டிலும் தட்டுகள். லின்ட்சேயின் சீட்டில் கிளைவ், மடியில், வேறு இடமில்லாத கடைசித் தட்டு, ஒரு கை ஸ்டியரிங்கின் மேல். வாய் திறந்திருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

கதவு திறந்திருந்ததால் மடியிலிருந்த தட்டில் வெயில் நேராக விழுந்தது. அந்தப் பூ சாயங்காலத்துக்குள் வெளுத்து மணம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். தட்டை எடுத்தால் அவன் விழித்துக்கொள்வான்.

போனால் போகட்டும் என்று அவள் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.