சுக்கான்காரன் சாகமாட்டான்

"பிள்ளை, உந்தப் பனிநாட்டு ராசாக்களோடை எங்களுக்கு என்ன சோலி?" என்று மாஸ்ரர் கேட்டார்.

அவர் ஊரில் தமிழ் படிப்பித்தவர். கனடாவில், அஜின்கோர்ட் நூலகத்தின் பின் அறையில் மாதத்தில் ஒரு ஞாயிறு பின்னேரம் கூடும் எங்கள் எழுத்தாளர் வட்டத்தை இங்கே நடத்துகிறவர். என் நாவல் வட்டத்தின் வெளியீடாக வருமா வராதா என்பது அவர் கையில் இருந்தது. அன்றைக்கு வெளியே மைனஸ் பதினெட்டு. விட்பியிலிருந்து கார் ஓட்டி வந்து, தரிப்பிடத்தில் முழங்கால்வரை பனிக்குள் புதைந்து, கால்மேசு நனைந்து உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்துத்தான் பனிநாட்டோடு என்ன சோலி என்று கேட்கிறார்.

"முப்பது வருசமாய்ப் பனி வழிக்கிறன் மாஸ்ரர். சோலி இருக்குத்தானே" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அவருடைய மனக்குறை எனக்குத் தெரியும். ஈழத்துப் பெண் எழுதினால் செல் விழவேண்டும், பங்கர் வேண்டும், அகதி முகாம் வேண்டும். அவற்றை எழுதியவர்களை நான் மதிக்கிறேன், அவர்கள் எழுதத்தான் வேண்டும். ஆனால் வாசலில் நின்று, உன் துக்கத்தை எடுத்துக் காட்டு, அப்போதுதான் உள்ளே விடுவேன் என்றால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். நான் எழுதியது ஒரே கடலுக்காகச் சண்டை பிடிக்கும் இரண்டு அரசுகளின் கதை. எட்டு மாதம் குளிர்காலம், நாகத்தலை வைத்த கப்பல்கள், கோடரிகள். இரண்டு அரசிலும் ஒவ்வொரு கனாக்காரி உண்டு. போருக்கு முன்னால் அவள் காணும் கனவைக் கேட்டுவிட்டுத்தான் அரசன் கப்பலை இறக்குவான். வேலைக்குப் போகும் ரயிலில், போனில், ஒற்றைப் பெருவிரலால் அதை எழுதி முடிக்க எனக்கு நான்கு வருடம் பிடித்தது.

கனாக்காரியை உண்டாக்கியது நான் இல்லை, என் தம்பி. கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஏழாம் மாடியில் ஓர் அறை வீட்டில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு ஏழு. நூலகத்தில் எடுத்த வைக்கிங் படப் புத்தகம் ஒன்று இருந்தது. இரண்டு பேருக்கும் ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, ஆகவே படங்களைப் பார்த்து நாங்களே தமிழில் கதை சொல்லிக்கொண்டோம். ஒரு படத்தில் உயரமான கதிரையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். "இவ கனவு காணுறா. ஆர் வெல்லுவினம் எண்டு இவவுக்குத்தான் தெரியும்" என்றான் தம்பி. அன்றிலிருந்து நான் கனாக்காரி. உடுப்புத் தோய்க்கிற கூடை கப்பல். அவன் அகப்பையைச் சுக்கானாகப் பிடித்துக்கொண்டு பின்னால் இருப்பான். நீ ராசாவாக இரேன் என்று சொன்னாலும் கேட்கமாட்டான். "ராசா சும்மாதானே இருக்கிறார். கப்பல் என்ரை கையிலை" என்பான்.

மூன்று நான்கு மாதத்தில் எனக்கு ஆங்கிலம் ஓரளவு பிடிபட்டது. அந்தப் பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். அவள் சமையல்காரி, அடுப்படியில் களைத்துப்போய்த் தூங்குகிறாள் என்று போட்டிருந்தது. தம்பியிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். பிறகு, "புத்தகம் பிழை, அக்கா" என்றான். அதோடு அந்த வழக்கு முடிந்தது.

மாஸ்ரருக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. அவரும் பனியைப் பற்றி அதற்குமேல் வாதாடவில்லை. "சரி, பனி கிடக்கட்டும்" என்று கையெழுத்துப் பிரதியைப் புரட்டினார். எங்கும் சிவப்பு மை.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறீர். அந்தக் கலியாணக் கனவு திறமான இடம்."

அந்த அத்தியாயத்தைப் போன மாதம் வட்டத்தில் வாசித்திருந்தேன். கனாக்காரிக்கு ஒரு தம்பி, அரச கப்பலின் சுக்கான் பிடிப்பவன். போருக்கு முதல்நாள் விடியற்காலையில் அவனுக்குக் கலியாணம் நடப்பதாக அவள் கனவு காண்கிறாள். விளக்கு, பூ, பந்தி பந்தியாகச் சாப்பாடு. அரசன் கேட்டு மகிழ்ந்து, இது வெற்றிச் செய்தி என்று கப்பலை இறக்கச் சொல்கிறான். நான் அந்த இடத்தில் எந்த விளக்கமும் எழுதவில்லை. ஆனாலும் கதை கேட்கவென்றே மாதம் தவறாமல் வரும் ஓர் அன்ரி, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "ஐயோ, அது கூடாத கனவெல்லோ" என்றார். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கனவில் சாவு கண்டால் நல்லது, கலியாணம் கண்டால் சாவு. ஊரின் பெயர் ஒன்றுகூட இல்லாத என் கதையில் எங்கள் சனம் இருக்கிறது என்பதற்கு எனக்கு அந்த ஒரு 'ஐயோ' போதும்.

"ஆனா முடிவு சரியில்லை" என்று மாஸ்ரர் தொடர்ந்தார். "கனாக்காரி கோடரியாலை சுக்கானைக் கொத்திப்போடுறாள், கப்பல் போகேல்லை, தம்பி தப்புறான். உது சின்னப்பிள்ளையளின்ரை கதை. கனவு கண்டால் பலிக்க வேணும். அவன் சாக வேணும். சாகப் பண்ணும், நாங்கள் புத்தகமாப் போடுறம்."

"அவள் சும்மா தப்பவிடேல்லை மாஸ்ரர். அவளை ஊரை விட்டுத் துரத்துகினம். அவள் காப்பாத்தின தம்பியே அவளோடை கதைக்கிறேல்லை."

"எண்டாலும் அவன் சாக வேணும்" என்றார். பிறகு ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் தட்டிக் காட்டினார். "இது இன்னொண்டு. கோடரியோடை நிண்டு அவள் சொல்லுறது. 'இண்டைக்குப் போகாதை, தம்பி.' முழுக்க நல்ல தமிழிலை எழுதிப்போட்டு, உச்சமான இடத்திலை இப்பிடிக் குசினிப் பேச்சோ? 'இன்று செல்லாதே, இளவலே' எண்டு மாத்தும்."

அவர் தட்டிய வரியின்மேல் என் கையை வைத்தேன்.

என் தம்பி பெரியவனாகி லொறி ஓட்டினான். விட்பியில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு வாங்கினான். காலையில் வேலைக்கு வெளிக்கிடுமுன் எனக்குப் போன் எடுப்பான். ஒரு பெப்ரவரியில், விடியப்புறம், அவனுக்குக் கலியாணம் என்று கனவு கண்டேன். பட்டுவேட்டியில் நின்றான். சனமெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஏழு மணிக்குப் போன் வந்தது. யன்னலுக்கு வெளியே மழை விழுந்து விழுந்தபடியே ஐஸாகிக்கொண்டிருந்தது. "என்ன அக்கா, குரல் ஒரு மாதிரி?" என்று கேட்டான். சொன்னால் சிரிப்பான். 'கனாக்காரி திரும்ப வந்திட்டா' என்று நாள் முழுக்கப் பகிடி பண்ணுவான். படித்தவள், கனேடியக் கம்பெனியில் வேலை செய்கிறவள், கனவைச் சொல்லி ஒருவனை வேலைக்குப் போகாமல் மறிக்கிறதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. "ஒண்டுமில்லை, தடிமன்" என்றேன். அவன் போனான். நெடுஞ்சாலையில் லொறி சறுக்கிப் புரண்டது. பத்தரை மணிக்குப் பொலிஸ் வந்து கதவைத் தட்டியது.

கனவு பலிக்கும் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேனா? தெரியாது. வாயைத் திறந்து மூன்று சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அது மட்டும் தெரியும். அதற்காக என்னை நான் மன்னிக்கவும் இல்லை.

"மாஸ்ரர்," என்றேன். "கனவு பலிச்சு தம்பி செத்த கதை எனக்குத் தெரியும். பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு பாத்தனான். அதை நான் எழுதமாட்டன். இந்தப் புத்தகத்திலை அவள் வாய் திறப்பாள், அவன் சாகமாட்டான். இளவலும் இல்லை, தம்பிதான். ஒரு எழுத்து மாறாது."

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு என் தம்பியைப் பற்றித் தெரியாது, இப்போதுதான் விளங்கியிருக்கும். முகம் இளகியது, ஆனாலும் மனிதர் மனிதர்தான். "கவலைதான் பிள்ளை. ஆனா இலக்கியம் வேறை. இந்த முடிவோடை வட்டம் போடாது" என்றார்.

"போடாட்டிப் போகட்டும்" என்றேன். அப்போதுகூட அவர்மீது எனக்கு வெறுப்பு வரவில்லை. அவர் தன் இலக்கணத்துக்காக நின்றார், நான் என் தம்பிக்காக நின்றேன். நான்கு வருடம் ரயிலில் எழுதியவளுக்கு வேறு வழியா கிடைக்காது? பிரதியைப் பைக்குள் வைத்து, கோட்டை மாட்டி, நனைந்த கால்மேசோடு சப்பாத்துக்குள் காலை விட்டேன்.

கதவடியில் அந்த அன்ரி என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளை, எனக்கு ஒண்டை மட்டும் சொல்லிப்போட்டுப் போம். தமக்கைக்காரி சொன்னோடனை அவன் கேட்டவனோ? போகேல்லைத்தானே?"

"இல்லை அன்ரி" என்றேன். "கோவிச்சவன். ஆனா போகேல்லை."