ஒரே பந்தியில் முருகன் தீர்த்து வைத்த சண்டை

விராலிமலைப் பக்கம் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். டெல்லி மெஸ் ஒன்றில் ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்து, காய் நறுக்கி, அதன் பிறகே அடுப்புக்கு வந்தேன். அமெரிக்காவில் இறங்கியபோது எக்ஸிட் பலகையை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். இன்று பிஸ்கட்டவேயில் எனக்குச் சொந்தச் சமையல்கூடம் இருக்கிறது. மூன்று வேன், பதினாலு ஆள். கல்யாண ஹாலில் வாழை இலை போடக் கூடாது என்றவர்களிடம் நேரில் போய் அனுமதி வாங்கியவன் இந்த மாணிக்கம்தான். நம் கோயில் மடப்பள்ளி கிரைண்டர்கூட நான் பார்த்து வைத்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இத்தனையும் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கவிழப் பார்த்தது. முருகன் பிடித்து நிறுத்தினான்.

போன ஐப்பசியில் வெஸ்ட் வின்ட்சரில் பல நாட்டு மதத் தலைவர்கள் கூடிய சமாதானக் கூட்டம் நடந்தது. நம் கோயிலும் சேர்ந்து நடத்தியது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு என் பொறுப்பு. வந்தவர்களில் இரண்டு பெரியவர்கள் முக்கியம். ஒருவருக்கொருவர் சண்டையில் இருக்கும் இரண்டு நாடுகளின் குருமார்கள். நாடுகளின் பெயர் வேண்டாம். சிறையில் இருக்கும் காயம்பட்டவர்களையாவது இரு பக்கமும் விடுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. அதற்காகத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள்.

தப்பு என்னுடையது. ஹாலில் மேஜை போட்டால் ஒரு நேரத்தில் நூற்றைம்பது பேர்தான் உட்காரலாம். கல்யாண வீட்டுப் பழக்கத்தில் ஒரு நாட்டாரை முதல் பந்தியிலும் மற்றவரை இரண்டாம் பந்தியிலும் எழுதி வைத்தேன். சண்டைக்காரர்கள் முகம் பார்க்காமல் சாப்பிடட்டும் என்று கெட்டிக்காரத்தனமாகச் செய்ததாகவும் நினைப்பு. மாப்பிள்ளை வீடு முதலில், பெண் வீடு பிறகு என்றால் நம்மவர்கள் நிற்பார்கள். அவர்கள் நிற்கவில்லை. வாசலில் நிறுத்தப்பட்ட பெரியவர், "அங்கே எல்லையில் எங்களைக் காக்க வைக்கிறார்கள். இங்கே சோற்றுக்குமா?" என்று கேட்டுவிட்டு டாக்ஸிக்குச் சொன்னார். அதைக் கேட்டு, முந்திச் சாப்பிட்ட பழி எனக்கு வேண்டாம் என்று உள்ளே இருந்தவரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்.

கோயில் கமிட்டி ரவி ஓடி வந்தார்.

"என்ன அங்கிள் பண்ணி வெச்சிருக்கீங்க? ரெண்டு வருஷமா பேசி வரவழைச்சிருக்கோம். இவங்களுக்குப் போய் ஃபர்ஸ்ட் பந்தி, செகண்ட் பந்தியா?"

"நான் போய் சாரி சொல்றேன் தம்பி."

"வேணாம் அங்கிள். நீங்க பேசினா இன்னும் மோசமாகும்."

என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் மனைவி தங்கம் தோளைப் பிடித்து அடுப்படிப் பக்கம் தள்ளினாள். "இங்க நின்னு என்ன பண்ணப் போறீங்க? கேக்கறவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க."

அடுப்படியில் அரிசி மூட்டைக்கு மேலே முருகன் படம் ஒட்டி வைத்திருப்பேன். அதன் முன்னால் நின்று வேண்டினேன். முருகா, இது எனக்காக இல்லை. சரி, எனக்காகவும்தான். என் பந்தியால் அந்தக் கடிதம் கிழிந்தது என்று ஆகக் கூடாது. எனக்கு வழி தெரியவில்லை. ஆள் அனுப்பு.

கதவு திறந்தது. நீலத் தலைப்பாகை, வெள்ளைத் தாடி, இடுப்பில் சிறு கத்தி. சீக்கியர்கள் சார்பில் மேடையில் பேச வந்திருந்த குர்மீத் சிங். இந்தியில் கேட்டார். டெல்லி புண்ணியத்தில் எனக்குப் புரிந்தது.

"மேஜையெல்லாம் யாரோடது?"

"ஹாலோடது ஜி."

"அப்ப மடக்கி வெளியே வைங்க. தரை எல்லாரோடதும்."

குருத்வாராவில் யார் வந்தாலும் தரையில் ஒரே வரிசையாக உட்கார வைத்துப் போடும் லங்கர் சாப்பாட்டைத்தான் சொன்னார். எந்த நாட்டில் சமாதானக் கூட்டம் என்றாலும், இவர்களில் பேச ஒருவர் போனால் சமைக்கப் பத்துப் பேர் போவார்களாம். அந்தப் பத்துப் பேரும் உள்ளே வந்தார்கள். கால் மணி நேரத்தில் மேஜைகள் வெளியே போயின. தரை முழுக்க வெள்ளைத் துணி. முழங்கால் வலிக்காரர்களுக்கு மட்டும் ஓரத்தில் நாற்காலி. முந்நூறு பேருக்கும் இடம் இருந்தது. வந்த வரிசையில் செருப்பைக் கழற்றி, கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இலையை விட்டு எழுந்த பெரியவரும், முதல் இடம் கடைசி இடம் என்று எதுவும் இல்லாததைப் பார்த்து உட்கார்ந்தார்.

மற்றவர் வாசலில் டாக்ஸிக்காக நின்றிருந்தார். குர்மீத்ஜி என் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அவரிடமே போனார். வண்டி வரும்வரை கை கொடுங்கள், பரிமாற ஆள் போதவில்லை என்றார். வயதானவர் வாளியை நீட்டினால் யார் மறுப்பார்கள்? வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு இலையாகக் குனிந்து ஊற்றி வந்தார். வரிசையில் ஏழாவது ஆள், எதிரி நாட்டுப் பெரியவர்.

அவர் இலைமேல் கையை விரித்து மூடினார். வாளிக்காரர் நகரவில்லை. கரண்டியிலிருந்து வெள்ளைத் துணியில் சொட்டியது. நான் முருகா முருகா என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கை மெல்ல விலகியது. அரைக் கரண்டி விழுந்தது. உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டினார். என் சாம்பார் வாசம் அப்படி.

டாக்ஸி வந்தது, காலியாகத் திரும்பியது. இரண்டரை மணிக்கு இரண்டு கையெழுத்தும் விழுந்தன. அந்தக் கடிதத்தால் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. கையெழுத்து விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

அதிலிருந்து என் கல்யாணச் சாப்பாட்டில் முதல் பந்தி யாருக்கும் தனியாகக் கிடையாது. இரண்டு வீட்டாரும் கலந்துதான் உட்கார வேண்டும். போன மாதம் ஒருவர், "நாங்க மாப்பிள்ளை வீடுங்க" என்றார். "இலை எல்லாம் ஒரே நீளம்தாங்க" என்றேன். ஞாயிறு காலையில் குருத்வாராவில் வெங்காயம் உரிக்கப் போகிறேன். என் வேகத்துக்கு அங்கே யாரும் இல்லை.

அடியார்களே, கை விட்டுப் போகிற நேரம் உங்களுக்கும் வரும். அப்போது முருகனிடம் கேளுங்கள். வருகிற ஆள் நம்ம ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஒன்று பாக்கி. கூட்டத்தின் அறிக்கை அச்சாகி வந்திருக்கிறது. சாப்பாடு, சீக்கியப் பிரதிநிதிகள் ஏற்பாடு என்று ஒரு வரி. குர்மீத்ஜியிடம் காட்டினேன். சேவைக்குப் பெயர் எதற்கு, அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்றார். அது அவர் மனசு. நான் அவ்வளவு தூரம் இன்னும் வரவில்லை. தரை அவர் யோசனை. சாம்பார் என்னுடையது, வேண்டிக்கொண்டதும் நான். ரவி தம்பி இதைப் படிப்பார். அடுத்த முறை அச்சடிக்கும்போது, "சமையலும் பிரார்த்தனையும்: மாணிக்கம், பிஸ்கட்டவே" என்று போட வேண்டும். பக்கத்தில் தங்கம் பெயரையும் போடுங்கள். என்னை அடுப்படிக்குத் தள்ளியது அவள்தான்.