செம்பட்டை

பெருந்தொற்று நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தலைக்குச் சாயம் பூசுவதை விட்டேன். வீட்டுக்குள் அடைந்து கிடப்பவளை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற சோம்பல்தான். கடைகள் திறந்தபோது முழுத்தலையும் வெளுத்திருந்தது. சொந்தக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? "இப்பவே கெழவி ஆயிட்டியா?" என்றார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு அம்மாவுக்கு மறதி நோய் முற்றியது. ஜொகூரில் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உழைத்த உடம்பு. கை கால் திடமாகத்தான் இருந்தன. ஆள்தான் தெரியவில்லை. சோற்றுத் தட்டை நீட்டினால், "இந்தக் கெழவி யாரு? எம்மவ எங்க?" என்று என்னிடமே கேட்பார். குளிப்பாட்டப் போனால் கையைத் தட்டிவிடுவார். மகள் வந்தால்தான் குளிப்பாராம். ஒரே மகள் நான், கல்யாணம் கட்டாமல் கூடவே இருந்தவள். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

அம்மா தேடியது தலை கறுத்திருந்த மகளை. அவளைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டால் என்ன என்று தோன்றியது. குளுவாங் பட்டணத்தில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். சாயப் பெட்டிகளில் எத்தனை கறுப்பு! வெறும் கறுப்பு, இயற்கைக் கறுப்பு, நீலம் ஓடிய கறுப்பு. பெட்டிமேல் சிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்திக்கும் என் வயது இல்லை. நான் முழிப்பதைப் பார்த்துக் கடையிலிருந்த தமிழ்ப்பெண் வந்தாள்.

"ரொம்பக் கறுப்பு வேணாம் லா ஆன்ட்டி, மொகம் கடுமையாத் தெரியும். டார்க் பிரவுன் எடுங்க. பார்க்க நேச்சுரலா இருக்கும்."

படித்த பிள்ளை சொல்கிறாள் என்று அதையே வாங்கினேன். குளியலறையில் நின்று பூசி அலசினேன். கண்ணாடியில் கறுப்பாகத்தான் தெரிந்தது. பின்வாசல் வெயிலில் அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அங்கே போய் நின்றபோதுதான் தலை சிவந்து தெரிந்திருக்கிறது.

தோட்டத்தில் செம்பட்டைத் தலை என்றால் எண்ணெய் கண்டு நாளான தலை, கவனிக்க ஆளில்லாத வீட்டுப் பிள்ளை. அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் பாப்பா, தலை இப்படிச் செம்பட்டையாக் கெடக்கு? போயி எண்ணெ எடுத்துட்டு வா."

ஐம்பத்தாறு வயதுப் பாப்பா எண்ணெய்ப் புட்டியோடு அவர் காலடியில் உட்கார்ந்தேன். விரலால் அழுத்தித் தேய்த்தார், சிக்கெடுத்தார், இறுக்கிப் பின்னினார். பின்னிக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு அம்மா இல்லயா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டார்.

"சரி, அழாத. நாளைக்கும் வா, நான் வச்சு விடுறேன்."

அன்று என்னைக் குளிப்பாட்ட விட்டார். தாயில்லாப் பிள்ளை பாவம், பிழைக்க வந்திருக்கிறது என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார். சில வாரங்கள் அப்படியே போயின. தினமும் வெயிலில் உட்காருவோம், தினமும் எண்ணெய் வைப்பார். எனக்கு அது போதவில்லை. பெற்றவள் முன்னாலேயே அனாதையாக உட்கார்ந்திருப்பது நெஞ்சை அறுத்தது. பழுப்புக்கே இவ்வளவு இரக்கம் என்றால், கறுத்த தலையைப் பார்த்தால் பெயர் சொல்லியே கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். இருந்ததிலேயே அடர்ந்த கறுப்பை வாங்கிப் பூசினேன்.

அம்மா முகத்தைச் சுளித்தார். "யாரு இந்தப் பொம்பள? அந்தப் புள்ள எங்க?"

எண்ணெய்ப் புட்டியைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். தலையை மடியருகே கொண்டுபோனேன், தள்ளிவிட்டார். மறுநாளே பழைய பழுப்பை வாங்கிவந்து கறுப்பின்மேல் பூசினேன். ஒரு மயிரிழைகூட மாறவில்லை. மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"அலமாக், ஆன்ட்டி! கறுப்பு மேல பிரவுன் ஏறாது லா. அடியிலேர்ந்து வெள்ளை வளரணும், அதுலதான் பிடிக்கும். கொஞ்ச மாசம் வெயிட் பண்ணுங்க."

தினமும் காலையில் கண்ணாடி முன் வகிட்டை விலக்கிப் பார்த்தேன். நரைக்காக இப்படித் தவம் கிடந்தவள் இந்த ஜொகூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முடி அதன் போக்கில்தான் வளர்ந்தது. அம்மா சாப்பாட்டைக் குறைத்தார், படுக்கையில் விழுந்தார். தட்டிவிடக் கையில் தெம்பில்லாததால் குளிப்பாட்ட விட்டார்.

வகிட்டில் விரலகலம் வெள்ளை வருவதற்குள் போய்விட்டார். கடைசி நாட்களில் மகளைக் கேட்கவே இல்லை. "அந்தப் புள்ளைக்கு யாரு எண்ணெ வைக்கிறாங்களோ" என்பதைத்தான், கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.